மயக்கம் தெளியாத மத்தியானம்

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கல்யாணத்திலோ சீமந்தத்திலோ உறவுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், யாராவது அதை எடுத்துவிடுவார்கள். எங்கள் அம்மா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, மயக்க மருந்தின் வேகத்தில், ஊரே மதிக்கும் எங்கள் பெரியப்பாவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி உளறிவிட்டாள் என்பது கதை. கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "பாவம், அவளுக்குச் சுயநினைவே இல்லை" என்று கதை முடியும். அம்மாவும் இருந்தவரை அந்தக் கூட்டத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமே தெரியாதவள்போல் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கதை பொய். அம்மா உளறவில்லை. அவள் வாழ்நாளில் அந்த மத்தியானத்தைப் போல் தெளிவாக ஒருநாளும் பேசியதில்லை. இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொய்யை முதலில் சொன்னவளே நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. சம்பந்தப்பட்ட பெரியவர்கள் எவரும் இன்று இல்லை. அதனால் உண்மையைச் சொல்வதில் யாருக்கும் மரியாதைக் குறைவு வந்துவிடாது. வந்தால் வரட்டும்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். பெரியப்பா திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டம் அவருக்கு வக்கீலைவிட அதிகம் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். வக்கீலும் நம்பினார் என்று கேள்வி. அப்பா தபாலாபீசில் வேலை. அண்ணன் கிழித்த கோட்டை எங்கே என்று தேடிப்போய் அதற்கு இந்தப்பக்கம் நிற்கிற சுபாவம் அப்பாவுக்கு. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. எங்கள் பக்கம் அண்ணா, நான், கைக்குழந்தையாக ஒரு தம்பி.

தம்பி பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். ஆறு மாதம் பால் கொடுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. தம்பியைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்கப் பண்ணுவது எல்லாம் பெரியம்மா என்று ஆயிற்று. அவனைத் தோளில் போட்டுக்கொண்டே பெரியம்மா அடுப்படியில் தளிகை பண்ணுவாள், கோலம் போடுவாள், சந்நிதிக்குப் போய் வருவாள். இறக்கிவிட்டால் தோள் எடையில்லாமல் சாய்ந்துவிடுமோ என்கிற மாதிரி நடப்பாள்.

இந்த நிலையில்தான் பெரியப்பா சுவீகாரம் என்ற பேச்சை எடுத்தார். தம்பியைத் தான் தத்து எடுத்துக்கொள்வது என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்லர். எனக்கு சிலேட்டுக் குச்சி தீர்ந்துபோனால் அப்பாவுக்கு முன்னால் வாங்கிவந்து தருகிறவர் அவர்தான். அவர் கணக்கு எளிமையாக இருந்தது. ஒரே வீடு. ஒரே சமையல். இந்த உள்ளிலிருந்து பக்கத்து உள்ளுக்குத் தம்பி தூங்கும் அறை மாறப்போகிறது, அவ்வளவே.

"அப்போ தம்பி அம்மாவை என்னன்னு கூப்பிடுவான்?" என்று நான் கேட்டேன்.

பெரியப்பா சிரித்தார். "சித்தின்னு. சித்தப்பா ஆம்படையாளை வேற என்னன்னு கூப்பிடுவா?"

எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக அதே இடத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. கோட்டை ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா எங்களை வரச்சொல்லியிருந்தார். அம்மா, அப்பா, பெரியப்பா, நான். "அவ என்னோட வரட்டும்" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதால் நானும் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டிப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். குள்ளம். தடித்த கண்ணாடி. அம்மாவைப் பார்த்து, முன்னே ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, படபடப்பு வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா பதில் சொன்னார். நாலாவது கேள்வியில் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களைக் கேக்கறேங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? எங்கிட்ட கேளுங்கோ, சொல்றேன்."

"முகமூடியை நான் வைக்கப்போறது அவங்க மூஞ்சியிலங்க. உங்க மூஞ்சியில இல்ல."

பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா சுவரில் தொங்கிய காலண்டரை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

டாக்டரம்மா நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஈதர்னு ஒரு மருந்துங்க. துணி சுத்தின முகமூடியில சொட்டுச் சொட்டா விடுவேன். மூச்சு முட்டற மாதிரி இருக்கும், இழுத்து மூச்சு விடுங்க. முந்தின ராத்திரியிலேருந்து பட்டினி. ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. வயித்துல எது இருந்தாலும் மயக்கத்துல மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆடற பல் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அது விழுந்து உள்ள போனா ஆபத்து."

எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் அமுக்கிக்கொண்டு வாயை இறுக மூடினேன்.

"முழிச்சப்புறம் வாந்தி வரும். தொண்டை எரியும். நெஞ்சுல சளி கட்டலாம், அது ஜுரத்துல கொண்டுபோய் விடலாம். சில பேருக்கு நடுவுலயே மூச்சு தடுமாறும், இதயம் தடுமாறும். நான் பக்கத்துலயே இருப்பேன், பாத்துக்குவேன். ஆனா எப்பவாவது ஒருத்தர் திரும்பி வராமயும் போயிருக்காங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்லீங்களா?"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள்.

"அப்படி ஆச்சுன்னா எனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்போ எனக்குப் பயமில்லை. தெரிஞ்சுண்டு இருக்கிறவா பயப்படட்டும்."

டாக்டரம்மா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. தெளியறப்ப சிலர் கன்னாபின்னான்னு பேசுவாங்க. அழுவாங்க, திட்டுவாங்க. பின்னால அவங்களுக்கே நினைவிருக்காது. கூட இருக்கறவங்க அதை மனசுல வச்சுக்கக் கூடாது."

"அதுக்கென்ன, பேசட்டுமே" என்றார் பெரியப்பா பெருந்தன்மையாக.

வெளியே ஒரு நர்ஸ் ஒரு காகிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். மயக்க மருந்தாலோ ஆபரேஷனாலோ உயிருக்கு எது நேர்ந்தாலும் சம்மதமே என்று எழுதியிருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார்.

"நான் போடவேண்டாமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. புருஷன் போட்டாப் போதும்" என்றாள் நர்ஸ்.

அன்று சாயங்காலம் இன்னொரு காகிதம் வந்தது. இது பெரியப்பா எழுதியது. தம்பியின் சுவீகாரத்துக்கான சம்மதப் பத்திரம். புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது என்றும், முன்போல ஆண்கள் இரண்டு பேர் தீர்மானித்தால் போதாது என்றும் அவர் விளக்கினார். கொடுக்கிறவன் பெண்டாட்டியும் சம்மதிக்கவேண்டும், வாங்கிக்கொள்கிறவன் பெண்டாட்டியும் சம்மதிக்கவேண்டும். சர்க்காருக்கு வேறு வேலையில்லை என்றார். தன் உயிருக்குக் கையெழுத்துப் போடத் தகுதியில்லாத அம்மா, தன் பிள்ளைக்குக் கட்டாயம் கையெழுத்துப் போடவேண்டும். இதிலுள்ள விநோதம் அன்று யாருக்கும் பட்டதாகத் தெரியவில்லை.

"டாக்டர் சொன்னதைக் கேட்டியோல்லியோ? எது வேணா ஆகலாம்னாளே. கைக்குழந்தை. அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிட்டா உனக்கும் நிம்மதி."

அம்மா காகிதத்தைத் தொடவில்லை. "திரும்பி வந்து போடறேன்" என்றாள்.

"வரலேன்னா?"

கேட்டபின் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கவேண்டும். பெரியம்மா சமையலறை வாசலில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் கிளம்பும்போது பெரியம்மா சந்நிதியிலிருந்து துளசி தீர்த்தம் கொண்டுவந்தாள். அம்மா கையை நீட்டினாள். நான் குறுக்கே பாய்ந்து வட்டிலைத் தட்டாத குறையாகத் தடுத்தேன். "ஒரு சொட்டுக்கூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னா!" பெருமாள் தீர்த்தம் எப்படியடி தண்ணியாகும் என்று பெரியப்பா அதட்டினார். அம்மா விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எட்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு திறந்து மூடியபோது ஒரு வாடை வந்தது. இனிப்பாகவும் இருந்தது, மூக்கை அரிக்கவும் செய்தது. அப்பாவும் பெரியப்பாவும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நான் நடுவில். கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வராந்தாக் கோடிக்குப் போய் ஆடுகிற பல்லைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது. உள்ளே அம்மா ஏதோ ஆபத்தில் இருக்கும்போது நான் மட்டும் ஆடுகிற பல்லோடு உட்கார்ந்திருப்பது தப்பு என்று தோன்றியது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, பல்லைப் பாவாடை மடிப்பில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"கட்டியை எடுத்தாச்சுங்க. நடுவுல மூச்சு கொஞ்சம் அடைச்சுக்கிட்டுது. முகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. குழாய் போட்டு, ஆக்ஸிஜன் குடுத்து மீட்டுட்டோம். இனிமே நெஞ்சுல சளி கட்டாமப் பாக்கணும். ரெண்டு மூணு நாள் ஜாக்கிரதையா இருக்கணுங்க."

அப்பா எழுந்து நின்று அவரைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

அம்மாவைக் கட்டிலில் கிடத்தியபோது அவள் வாயிலிருந்தும் அதே வாடைதான் வந்தது. சிறிது நேரத்தில் முனக ஆரம்பித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இது உண்மையான உளறல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதன்மேலும் நிற்கவில்லை. எட்டாவது வரை படித்தவள் அம்மா. அந்தப் பூகோளப் பாடம் முழுசும் வெளியே வந்தது. கங்கை, யமுனை, பிரம்மபுத்ரா, கோதாவரி என்று நதிகளை வரிசையாக ஒப்பித்தாள். கிருஷ்ணாவில் நின்றுபோய் மறுபடி கங்கையிலிருந்து தொடங்கினாள். வாழைப்பூக்காரியோடு சண்டை போட்டாள். திடீரென்று பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மழை வருகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போடு என்று உத்தரவிட்டாள்.

புருஷனின் அண்ணனைப் பெயர் சொல்லி, அதிலும் ஒருமையில்! பெரியப்பா கோபப்படவில்லை. "பாவம், மருந்து பேசறது" என்றார். நிஜமாகவே இரக்கப்பட்டார். அதற்குப்பின் அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நர்ஸ் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மா தூங்கிவிட்டாள். பெரியம்மா தம்பியோடும் சாப்பாட்டோடும் ஜட்கா வண்டியில் வந்திருந்தாள். அவர்கள் எல்லோரும் வெளியே சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசிக்கவில்லை. பல் பிடுங்கிய இடம் வலித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

மணி இரண்டு இருக்கும். அம்மா கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை கண் என்மேல் வந்து நின்றது. உதட்டை நக்கிக்கொண்டு, எரிகிற தொண்டையால் கேட்டாள்:

"பல்லை எப்போடி பிடுங்கினே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தம்பி சாப்பிட்டானா?"

"பெரியம்மா ஊட்டிண்டிருக்கா."

"நான் ஏதாவது உளறினேனா?"

நடுவில் மூச்சு அடைத்துக்கொண்டதாக டாக்டரம்மா சொன்னதையும் நதிகளைப் பற்றியும் சொன்னேன். பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"கோவிச்சுண்டாரா?"

"இல்லை. மருந்து பேசறதுன்னார்."

அம்மா கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பெரியப்பாவின் கையில் தோல்பை இருந்தது. அம்மா கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அந்த நேரத்தில் அவருக்கு இருந்தது பேராசை அல்ல, பயம். இன்னும் இரண்டு மூன்று நாள் கண்டம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கச்சேரியில் பாதி வழக்குகள் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்தே வீணாய்ப் போவதைப் பார்த்தவர்.

"ஒரே ஒரு கையெழுத்துதான்மா. திரும்பி வந்து போடறேன்னியே. வந்துட்டே, பெருமாள் கிருபை. போட்டுட்டா மனசுல பாரமில்லாமத் தூங்கலாம்."

அம்மா அவரை நேராகப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவரெதிரே தலைநிமிர்ந்து அறியாதவள். படுத்தபடிதான் பார்த்தாள். ஆனாலும் நின்றுகொண்டிருந்த அவர்தான் ஒரு அடி பின்னால் போனார்.

"போட மாட்டேன்" என்றாள்.

"இல்லேம்மா..." என்றார் பெரியப்பா.

"நான் சொல்லி முடிச்சுடறேன். தொண்டை எரியறது, ரெண்டு தரம் சொல்ல முடியாது. மூச்சு நின்னு போச்சுன்னாளே டாக்டர், எந்த வழியா திரும்பி வந்தேன்னு எனக்குத் தெரியாது. இதைச் சொல்லறதுக்குன்னே வந்திருக்கேன். என் பிள்ளையைத் தர மாட்டேன். நான் செத்துப்போனா அவன் தாயில்லாக் குழந்தையா இருக்கட்டும். இருக்கச்சே அவன் எதுக்குத் தாயில்லாம இருக்கணும்? பக்கத்து உள்தானேங்கறேள். பக்கத்து உள்ளுலேருந்து என் பிள்ளை என்னைச் சித்தின்னு கூப்பிடறதை நான் தினம் கேட்டுண்டு குழம்புக்குப் புளி கரைக்கணுமா? கேக்க மாட்டேன். நீங்க பெரியவர். என்ன சொன்னாலும் செஞ்சிருக்கேன். இதைச் செய்ய மாட்டேன்."

வார்டில் இருந்த மற்ற மூன்று கட்டில்காரர்களும் முனகுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் எழும்பவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் கிசுகிசுப்பாக, உரசிக்கொண்டு வந்தது. அவள் ஒரு இடத்தில்கூட மரியாதை தவறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலையில் அவரை ஒருமையில் துணி எடுக்கச் சொன்னவள், இப்போது 'நீங்க' என்றாள், 'பெரியவர்' என்றாள்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. டாக்டரம்மா நாடி பார்க்க வந்திருந்தார். அவரிடம் திரும்பினார்.

"இது மருந்துதானே பேசறது?"

டாக்டரம்மா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஈதர் வாடை இன்னும் மூச்சுல இருக்கு, பாருங்க."

இருந்ததென்னவோ நிஜம்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணா, மயக்கத்துல இருக்கிறவ கையெழுத்து போட்டாலும் செல்லாதே? நீங்கதானே சொல்லுவேள்."

பெரியப்பா பேனாவை மூடினார். சட்டம் அவருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றது. தெளிவாக இருக்கிறாள் என்றால் அவள் சொன்ன மறுப்பு செல்லும். மயக்கத்தில் இருக்கிறாள் என்றால் கையெழுத்து செல்லாது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"நீ இங்கேயே இருந்தியே. சொல்லு. அம்மா தெளிஞ்சுட்டாளா?"

பல்லைப் பற்றிக் கேட்டாளே என்பது நாக்கு நுனிவரை வந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்த அத்தாட்சி. ஆனால் பெரியப்பாவின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. அம்மா தெளிந்திருக்கிறாள் என்று நான் சொன்னால், பேசியது மருந்தல்ல, அம்மாதான் என்றாகிவிடும். அப்புறம் அவளை எல்லோரும் திட்டுவார்கள். மருந்தை யாரும் திட்டமுடியாதே.

"இல்லை பெரியப்பா" என்றேன். "இப்பத்தான் மறுபடியும் கங்கை யமுனைன்னு சொல்லிண்டிருந்தா." நம்பமாட்டாரோ என்ற பயத்தில் பிரம்மபுத்ரா, கோதாவரி என்று நானே மேலே ஒப்பிக்கவும் தொடங்கிவிட்டேன். கிருஷ்ணாவில் அப்பா என் தலையில் கைவைத்து நிறுத்தினார்.

பெரியப்பா பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது ஒரு வகையில் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். தன் தம்பியின் பெண்டாட்டி தன்னை எதிர்த்துப் பேசினாள் என்பதைவிட மருந்து பேசிற்று என்பது கௌரவம். "சரி. நாலு நாள் போகட்டும். தெளிஞ்சப்புறம் கேட்டுக்கலாம்" என்று காகிதத்தை மடித்தார்.

"கேக்கவேண்டாம்."

கால்மாட்டில், தம்பியை வைத்துக்கொண்டு நின்றிருந்த பெரியம்மா சொன்னாள். அவள் ஒருத்தி அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தோம்.

"இதோ பாருங்கோ, அவளுக்கு மயக்கம். சரி. எனக்கு யாரும் ஒரு மருந்தும் குடுக்கலை. நான் தெளிவாத்தான் இருக்கேன். எனக்கு வேண்டாம். என் சம்மதமும் வேணும்னு நீங்கதானே படிச்சுக் காட்டினேள்? நான் சம்மதிக்கலை."

"என்ன பேசறே நீ? உனக்காகத்தானே..."

"எனக்காகன்னு எங்கிட்ட யார் கேட்டா?"

பெரியம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தையல் போட்ட வயிற்றில் படாமல், அம்மாவின் தோளுக்கும் கைக்கும் நடுவில் தம்பியைக் கிடத்தினாள். அவன் ஈதர் வாடைக்கு முகத்தைச் சுளித்து, பெரியம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தலைப்பை விடுவித்துக்கொண்டாள்.

"மன்னி" என்றாள் அம்மா.

"பேசாதே. தொண்டை எரியும்" என்றாள் பெரியம்மா.

டாக்டரம்மா சொன்னபடியே மறுநாள் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது. தையலில் தலையணையை அழுத்திக்கொண்டு அவள் இருமுவதைப் பார்க்கமுடியாமல் அப்பா வராந்தாவுக்குப் போய்விடுவார். பத்து நாளைக்குமேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தனை நாளும் வேளை தவறாமல் கஞ்சியும் வெந்நீருமாக வந்து, முதுகைத் தட்டிச் சளியை இறக்கியது பெரியம்மாதான். அந்தப் பத்திரம் மறுபடி வெளியே வரவில்லை. பெரியப்பா அம்மாவிடம் எப்போதும்போல நடந்துகொண்டார். வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடம், "அன்னிக்கு என்னமா உளறினா தெரியுமோ?" என்று சிரித்தபடி தொடங்கியதும் அவரே. பெரியம்மா பேசிய பகுதியை மட்டும் அவர் சொன்னதில்லை. அதற்குச் சாக்குச் சொல்ல ஒரு மருந்தும் இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்தபிறகு தம்பி எங்கள் அறையில் தூங்கினான். முதலில் சில நாள் அழுதான், பிறகு பழகிவிட்டான். பெரியம்மா தளிகை பண்ணினாள், கோலம் போட்டாள், சந்நிதிக்குப் போனாள். வெறுந்தோளோடு. தம்பி தவழ்ந்துபோய் அவள் புடவையைப் பிடித்து எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்குவான். அவள் என்னைக் கூப்பிட்டு, "வந்து எடுத்துண்டு போடி இவனை" என்பாள். அவளுக்கு அவன்மேல் கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் பெரியம்மா இப்பல்லாம் தம்பியைத் தூக்கவே மாட்டேங்கறேள்?"

"கை வலிக்கறதுடி" என்றாள்.

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அலமாரியிலிருந்து தைலக் குப்பியை எடுத்து வந்து அவள் கையில் தேய்த்துவிட்டேன். பெரியம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் வேலையாயிற்று. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒருநாள் முழங்கையைக் காட்டுவாள், மறுநாள் தோளைக் காட்டுவாள், அடுத்த நாள் உள்ளங்கையைக் காட்டுவாள். வலி இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிறதே, நேற்று நான் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தைலத்தை இன்னும் கொஞ்சம் கூடவே ஊற்றி, அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.